நூற்று அறுபத்து மூன்று அடுப்படிகள்

ஒரே வீட்டுக்கு, ஒரே காலையில், ஒரே அலுவலகத்திலிருந்து இரண்டு செய்திகள் போயின. முதல் செய்தி: 'உங்கள் வீடு சிவப்பு எல்லையில் வருகிறது. ஐப்பசி முதல் தேதி காலை ஆறு மணிக்கு மின்சாரமும் குடிநீரும் நிறுத்தப்படும்.' நாலு நிமிடம் கழித்து இரண்டாவது: 'உங்கள் வீடு சிவப்பு எல்லைக்குள் வரவில்லை. மேட்டுநகரில் மாற்று வீடு பெற உங்களுக்குத் தகுதி இல்லை.' இரண்டின் கீழும் எங்கள் கரைக்காப்பு ஆணையத்தின் முத்திரை இருந்தது. அனுப்பியது மனிதர் யாருமில்லை. எங்கள் சர்வர்.

அந்த இரண்டையும் ஒரு பழைய கைப்பேசியில் வைத்துக்கொண்டு தனபாக்கியம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். சிப்பிமேட்டுக்குப்பத்தில் மீன் விற்கிறவள். ஐம்பது வயது இருக்கும். கூடையை வாசலில் காவலாளியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, இதுல எது நெசம்? ரெண்டும் எங்க ஊட்டத்தான் சொல்லுது. ஒண்ணு உள்ளங்குது, ஒண்ணு வெளியங்குது."

கடல் ஏறத் தொடங்கி இருபது வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு புரட்டாசியிலும் செயற்கைக்கோள் படம் பார்த்து, அடுத்த மழைக்குள் தண்ணீர் எதுவரை வரும் என்று கணக்கிட்டு, வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுவார்கள். கோட்டுக்குக் கிழக்கே மின்சாரம் இருக்கக் கூடாது, தண்ணீரில் பாய்ந்து ஆளைக் கொல்லும். கோட்டுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு மேட்டுநகரில், தூண் மேல் நிற்கும் அடுக்குமாடியில், வீடு கிடைக்கும். சட்டம் இவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நான் அரசி. முழுப்பெயர் மங்கையர்க்கரசி. அந்த ஆணையத்தின் வரைபடப் பிரிவில் ஒப்பந்தப் பணியாளர். அவள் வீட்டு எண்ணைக் கேட்டு வாங்கித் திரையில் வரைபடத்தைத் திறந்தேன். பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"உக்காருங்கக்கா. சொல்றேன்."

என் சிவப்பு அட்டை போட்ட நோட்டை மேசையில் வைத்தேன். அதன் ஓரத்தில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக அவள் கைப்பேசியை வைத்தேன்.

"நோட்டுதான் சிவப்பு எல்லை. போனுதான் உங்க வீடு. இப்ப நான் கம்ப்யூட்டர்கிட்ட, எந்தெந்த வீடு எல்லையில இருக்குன்னு கேட்டா, அது திருப்பி ஒரு கேள்வி கேக்கும். எல்லையைத் தொட்டாலே கணக்குல எடுக்கவா, இல்ல முழுசா உள்ள இருந்தாத்தான் எடுக்கவான்னு. ரெண்டுல ஒண்ணை முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருப்பாங்க. கரண்டு நிறுத்துற கேள்வியில 'தொட்டாலே போதும்'னு இருக்கு. வீடு குடுக்குற கேள்வியில 'முழுதும் உள்ளே'ன்னு இருக்கு."

அவள் கைப்பேசியையும் நோட்டையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப புடுங்குறதுக்குத் தொட்டாப் போதும். குடுக்குறதுக்கு முழுசா முங்கணும்."

ஆணையத்தில் எட்டு வருடமாகப் பயிற்சி வகுப்பு எடுக்கிறவர்கள் ஒருவரும் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

"எங்கூர்ல கரைவலை இழுக்கயில, கயித்துல கை வச்சவனுக்கெல்லாம் பங்கு உண்டு, தெரியுமா? வழியில போறவன் வந்து ஒரு இழுப்பு இழுத்தாலும் நாலு மீனு குடுத்துதான் அனுப்புவோம். கடைசிவரைக்கும் இழுத்தியான்னு எவனும் கேக்க மாட்டான்." சேலைத் தலைப்பை உதறிக்கொண்டாள். "படிச்சவுங்க ஞாயம் வேற மாரி இருக்கு."

அவள் சண்டைக்கு வரவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கணவர் கலியமூர்த்தி நாற்பது வருடம் விசைப்படகில் டீசல் புகை குடித்தவர். நுரையீரல் போய்விட்டது. சுவாசக் கருவி மாட்டித்தான் படுத்திருக்கிறார். கருவிக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். இன்னும் ஒன்பது நாளில் அது நின்றுவிடும்.

"கரண்டு இருக்குற ஒரு எடம் வேணும் யம்மா. மேலயோ கீழயோ, எங்கியோ. அவரு மூச்சு உடணும்."

அவள் வீட்டின் வடிவத்தைத் திரையில் பெரிதாக்கினேன். வீடு முழுக்கச் சிவப்புக்குள்தான் இருந்தது. பின்பக்கம், மேற்கே, ஒரு சின்னத் துண்டு மட்டும் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது அவளுடைய அடுப்படி. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகளில் சமைக்க ஒழுங்கான இடம் கிடையாது. அதனால் குப்பத்தில் எல்லோரும் பின்சுவரோடு ஒட்டி, செங்கல்லும் சிமெண்ட் ஷீட்டும் வைத்து ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டார்கள். கோடு அந்தச் சாய்ப்புகளின் ஊடாகத்தான் போகிறது.

இனி நான் சொல்வதை யாரும் எனக்குச் சொல்லிக்காட்டத் தேவையில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சாய்ப்பை வீட்டோடு சேர்த்து வரைந்தவள் நான். ஆறு வருடத்துக்கு முன் டிரோன் படத்தைப் பார்த்து ஒரு நாளைக்கு நானூறு வீடு வரைந்துகொண்டிருந்த காலம். வீட்டை மட்டும் வரையச் சொல்லித்தான் உத்தரவு. சிப்பிமேட்டுக்கு வந்தபோது, பாவம், வீடு கொஞ்சம் பெரிதாகப் பதிவானால் நாளைக்கு ஏதாவது உதவி வரும்போது கூடக் கிடைக்குமே என்று எல்லாச் சாய்ப்பையும் சேர்த்து வரைந்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்களிடமும் சொல்லி அப்படியே வரையச் சொன்னேன். எல்லோரும் சந்தோஷமாக வரைந்தார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கடற்கரை நெடுகத் தேடிப்பார்த்தேன். தொடுகிறது ஆனால் முழுதும் உள்ளே இல்லை என்ற நிலையில் பல ஊர்களில் வீடுகள் இருந்தன. சிப்பிமேட்டில் மட்டும் நூற்று அறுபத்து மூன்று வீடுகள். மின்சாரமும் கிடையாது, மாற்று வீடும் கிடையாது.

செயற்பொறியாளர் இளஞ்செழியன் அறைக்குப் போனேன். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தக்காரர்களையும் உட்காரச் சொல்லிப் பேசுகிற மனிதர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம்.

"தனித்தனியாப் பாருங்க அரசி. கரண்டு விஷயத்துல ஓரத்துல இருக்கிறவனையும் சேர்க்கணும், உயிர் பிரச்சினை. வீடு விஷயத்துல கறாரா இருக்கணும், இருக்கிற வீடு கொஞ்சம். ரெண்டுமே நியாயம்தானே?"

"சேர்த்துப் பாருங்க சார். ஒரே ஆளுக்கு ரெண்டும் நடக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த முறையை யார் சார் முடிவு பண்ணினது?"

"யாரும் பண்ணலை. மென்பொருள் வரும்போதே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முறை போட்டே வந்துச்சு. அப்படியே ஓடுது."

"அப்ப மாத்தலாமே சார்?"

"அதைப் பூட்டி வச்சிருக்காங்க. மாத்துறதுன்னா ஆணையக் குழு கூடணும். தீர்மானம், அரசாணை. ஆறு மாசம்." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். வியாழக்கிழமை காலைல பத்தே முக்காலுக்கு செயற்கைக்கோள் திரும்ப இந்தப் பக்கம் வருது. புதுப் படத்துல வீட்டோட வடிவம் மாறியிருந்தா சர்வர் தானா எடுத்துக்கும். நம்ம கையால திருத்த முடியாது, வடிவமெல்லாம் பூட்டியாச்சு. படம் மாறணும்னா தரை மாறணும்."

தரை மாறணும். எவ்வளவு பதவிசாகச் சொன்னார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியும் நல்லவர்தான், சாமியும் யாரென்று தெரியவில்லை, வரம் மட்டும் வந்து சேரவில்லை.

அன்று மதியமே, கோடு தரையில் எங்கே விழுகிறது என்று காட்டும் கையடக்க அளவுக் கருவியை எடுத்துக்கொண்டு சிப்பிமேட்டுக்குப் போனேன். தனபாக்கியத்தின் வீட்டுக்குள் சுவாசக் கருவி புஸ் புஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார். மூச்சு வாங்குகிற ஆள் முதலில் கேட்ட கேள்வி அது.

அளவுக் கருவி காட்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டேன். அம்மியைத் தாண்டி, அடுப்புக்கு இந்தப் பக்கம், குறுக்கே போனது கோடு. வீட்டின் பின்சுவருக்கும் கோட்டுக்கும் நடுவே இரண்டடிதான்.

"இதுக்கு அந்தாண்ட இருக்குறது இல்லாட்டி எங்க ஊடு முழுசா உள்ள வந்துருமா?" என்றாள் தனபாக்கியம்.

"வந்துரும்க்கா."

"ஷீட்டக் கழட்டுனாப் போதாதா?"

"சுவரும் படத்துல தெரியும். அடி வரைக்கும் எடுக்கணும்."

கலியமூர்த்தி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "மூழ்கப்போற ஊட்டுக்கு அடுப்படி எதுக்குடி? இடி," என்றார். சொல்லிவிட்டு இருமினார். வெகுநேரம் இருமினார்.

சேதி குப்பம் முழுக்கப் பரவி, செவ்வாய்க்கிழமை காலையில் ஊர்ப் பஞ்சாயத்து கூடி, அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். கடப்பாரை, சம்மட்டி, நங்கூரக் கம்பி என்று கையில் கிடைத்ததோடு இறங்கினார்கள். நான் வீடு வீடாகப் போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். கோடு போட்ட இடத்தில் பெண்கள் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்தார்கள். ஆண்கள் இடித்தார்கள். ஒரு பெண் அடுப்பைக் கும்பிட்டுவிட்டு முதல் அடியை அவளே போட்டாள். என்னைப் பார்த்து, "நல்லாப் பாத்துச் சொல்லும்மா, அரை அடி கூட இடிச்சுட்டா ஊட்டுச் செவுரு வந்துரும்," என்றாள். அவர்கள் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

தங்கள் வீட்டைத் தாங்களே உடைத்தால்தான் தங்களுக்கு வீடு இல்லை என்று அரசாங்கத்துக்குப் புரியும் என்ற நிலைமையை உலகத்தில் வேறு எவன் உண்டாக்குவான்? நாங்கள் உண்டாக்கினோம். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து, சட்டை கசங்காமல்.

இரண்டு நாளில் நூற்று அறுபத்து மூன்று அடுப்படிகளும் தரைமட்டமாயின. காற்றே இல்லை. பழைய சிமெண்ட் ஷீட்டின் தூள் குப்பத்தின் மேல் எழும்பி, போக வழியில்லாமல் அப்படியே நின்றது. தனபாக்கியம் கதவு ஜன்னலையெல்லாம் ஈரச் சேலை போட்டு அடைத்தாள். அவரை வேறு எங்காவது கொண்டு போய்விடலாம் என்று நான் சொன்னேன். கருவியோடு அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பக்கத்தில் மின்சாரம் உள்ள எல்லா வீட்டிலும் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு செயற்கைக்கோள் கடந்து போனது. கண்ணுக்குத் தெரியாது என்று தெரிந்தும் குப்பமே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வெள்ளிக்கிழமை கலியமூர்த்திக்கு மூச்சு முட்டியது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். சனிக்கிழமை மதியம், வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது தனபாக்கியத்தின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. 'வாழ்த்துகள். குடும்பத் தலைவர் கலியமூர்த்தி அவர்களுக்கு மேட்டுநகரில் வீடு ஒதுக்கப்பட்டுள்ளது. தளம் ஏழு.' உள்ளே ஓடிப்போய் அவர் காதருகில் படித்துக் காட்டினாள். அவருக்குக் கேட்டதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஞாயிறு காலையில் போய்விட்டார். டாக்டர், தூசி என்று சொன்னார். சான்றிதழில் அந்த வார்த்தையை எழுதவில்லை.

நூற்று அறுபத்து மூன்று குடும்பத்துக்கும் வீடு கிடைத்தது. இருக்கிற வீடு கொஞ்சம் என்று சொன்னாரே இளஞ்செழியன், அப்படியும் மேட்டுநகரில் நாற்பது வீடு மிச்சம் கிடந்தது.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. 'சிப்பிமேட்டில் நூற்று அறுபத்து மூன்று ஆக்கிரமிப்புகளைப் பொதுமக்களே முன்வந்து அகற்றியுள்ளனர்.' நாங்கள் அனுப்பிய அறிக்கையில் அடுப்படி என்றிருந்ததை யாரோ அப்படி மாற்றியிருக்கிறார்கள். கடிதத்தோடு ஓர் உத்தரவும் இருந்தது. தெற்கே இன்னும் பதினோரு கிராமங்களில் இதே 'சிப்பிமேட்டு முறை'யைக் கடைப்பிடிக்க வேண்டும். வீட்டில் எத்தனை அடியை இடிக்கச் சொல்ல வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருவதற்கு அங்குள்ள பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். பயிற்சி தருபவர்: மங்கையர்க்கரசி.

வேலை போய்விடும் என்ற பயத்தில் போனேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். கோடு, வீடு, தொடுவது, முழுதும் உள்ளே என்று எல்லாம் சொன்னேன். கேள்வி கேட்கும் பக்கத்தின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில்தான் முறையின் பெயர் எழுதியிருக்கும்.

"இந்த முறையை நாம மாத்த முடியாது. ஆணையக் குழுதான் மாத்தணும். அழுத்தினா அனுமதி இல்லைன்னு வரும், பாருங்க," என்று சொல்லி அழுத்தினேன்.

அனுமதி இல்லை என்று வரவில்லை. பெட்டி விரிந்தது. 'தொட்டாலே போதும்', 'மையம் உள்ளே இருந்தால்', 'முழுதும் உள்ளே'. மூன்றும் வரிசையாக நின்றன. முதலாவதை அழுத்தினேன். ஏற்றுக்கொண்டது. கடவுச்சொல் கேட்கவில்லை. 'உறுதியா?' என்றுகூடக் கேட்கவில்லை. பதினோரு கிராமத்துக்கும் மாற்று வீட்டுப் பட்டியல் மளமளவென்று நீண்டது. ஓர் அடுப்படியைக்கூட இடிக்கத் தேவையில்லை.

எட்டு வருடமாக அந்தப் பக்கத்தைத் தினமும் திறந்திருக்கிறேன். அந்தப் பெட்டியை ஒருநாள்கூட நான் அழுத்திப் பார்த்ததில்லை. இளஞ்செழியனும் பார்த்ததில்லை. பூட்டியிருக்கும் என்று அவருக்கு யாரோ சொன்னார்கள், அவர் எனக்குச் சொன்னார், நான் ஒரு குப்பத்தையே இடிக்க வைத்தேன்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவருக்குப் போன் செய்தேன்.

"சார், பூட்டே இல்லை."

"பூட்டு இல்லைங்கிறதை வெளிய யாருக்கும் சொல்லாதீங்க," என்றார். "நல்ல முறையை வச்சிட்டீங்கள்ல? அப்படியே இருக்கட்டும். பழசைக் கிளறினா நீங்களும் நானும் பதில் சொல்லணும்."

"சொல்லத்தான் சார் வேணும்," என்று கத்தினேன். வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் மேட்டுநகருக்குப் போய், ஏழாம் தளத்தில் தனபாக்கியத்தின் கதவைத் தட்டினேன். வாசலில் நிற்க வைத்தே சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன், அவள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சொன்னேன். சாய்ப்பைச் சேர்த்து வரைந்தது நான்தான் என்பதையும் சொன்னேன். பெட்டியைப் பற்றியும் சொன்னேன்.

அவள் அழவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அத அழுத்த எம்மா நேரம் ஆவும்?" என்றாள்.

"ஒரு நொடிதான்க்கா."

"இப்ப அழுத்திட்டியா?"

"அழுத்திட்டேன்."

"ஆரும் ஒண்ணும் சொல்லல?"

"இதுவரைக்கும் இல்ல."

எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "என்னக் கூட்டிட்டுப் போ. அவரக் கொன்னது எதுன்னு நான் பாக்கணும்."

என்னோடு பேருந்தில் வந்தாள். அலுவலகத்தில் இந்த முறை காவலாளி தடுத்தான். அவனை ஒரு பார்வை பார்த்தாள், விலகிக்கொண்டான். இளஞ்செழியன் தன் அறைக் கதவைத் திறந்து எங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார். என் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, கணினியை முடுக்கி, பக்கத்தைத் திறந்தேன். அவள் திரை முழுவதும் தேடினாள். வரைபடத்தைப் பார்த்தாள், சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அவளாகக் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எங்க இருக்கு?"

மூலையைக் காட்டினேன். குனிந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை அதன் மேல் வைத்தாள். பெட்டி முழுதும் விரலுக்குள் மறைந்துபோனது.

"இத்துனூண்டுதானா?" என்றாள்.